வாட்டம் பாருடா பேராண்டி

வந்துட்டியா பேராண்டி. பைக்க அந்தப் புளியமரத்தாண்டயே வுட்டுட்டு வா. வாசல்ல பாத்துக் கால வை, தண்ணி நிக்குது. ஏன் நிக்குதுன்னு அப்பால சொல்றேன், அதுக்கொண்ணும் அவசரம் இல்ல. மழை வுட்டு மூணு நாளாச்சி. அந்தத் தண்ணியும் எங்கயும் போறதா இல்ல, நானும் எங்கயும் போறதா இல்ல.

ஒங்கம்மா சொன்னா, திங்கக்கெழம உனக்கு இன்டர்வியூவாமே. ஒரகடத்துக்கு அந்தாண்ட எவனோ வரிசையா வில்லா கட்டி, நடுவுல கோல்ஃப் மைதானம் போடறானாம், நீ அதுக்கு டிசைனராம். கேட்டதும் எனக்கு நெஞ்சு பூரிச்சிப் போச்சிடா. நம்ம வம்சத்துல டிசைனர்னு ஒருத்தன் இதுவரைக்கும் இருந்ததில்ல. நான் மெட்ராஸ்ல ஒரு கோல்ஃப் கிளப்புல இருபத்தெட்டு வருசம் மண்ணு கொத்தி, புல்லு நட்டு, மேஸ்திரி வரைக்கும் வந்தவன். ஆனா அதுக்கெல்லாம் டிசைன்னு பேரு கெடையாது. கூலின்னு பேரு.

நேத்து ராத்திரி மாடியில ஒக்காந்து ஃபோனப் பாத்து கோல்ஃப் டிசைனருங்க பேர நீ சத்தம் போட்டு மனப்பாடம் பண்ணிக்கினு இருந்தியே, கேட்டுக்கினேதான் படுத்திருந்தேன். நல்ல நல்ல பேருங்கதான். நடுவுல உனக்குக் கொறட்டை வந்துடுச்சி. வுட்ட எடத்துலேர்ந்து நான் சொல்றேன், கேட்டுக்க. எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறியா? எங்க கிளப்புல பழைய செக்ரட்டரி ஒருத்தர் இருந்தாரு, மிலிட்டரிலேர்ந்து ரிட்டயர் ஆனவரு. சாயங்காலம் ரெண்டு கிளாஸ் உள்ள போச்சின்னா கோல்ஃப் கதையா அவுத்து வுடுவாரு. கேக்கறதுக்கு என்ன வுட்டா வேற ஆளு இல்ல, பாவம்.

டாம் மாரிஸ்தான் உனக்கு மொதப் பாடம். ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்ங்கற ஊரு. 1821-ல பொறந்தவரு, நெசவுக்காரர் மவன், நம்ம காஞ்சிபுரத்துப் புள்ளைங்க மாதிரி. கோல்ஃப் ஆட்டத்துல பெரிய கைகாரரு, ஓப்பன் போட்டிய நாலு தரம் ஜெயிச்சாரு. அப்பல்லாம் எங்கனா புதுசா ஒரு கிளப்பு ஆரம்பிச்சா அவருக்குத்தான் கடுதாசி போடுவாங்க. ரயில்ல வந்து எறங்குவாரு. நாள் கூலி ஒரு பவுண்டு, ரயில் சார்ஜு தனி. நெலத்த ஒரு சுத்து நடந்து பாப்பாரு. இங்க நின்னு அடி, அங்க குழி வைன்னு குச்சி நட்டுட்டு ரயிலேறிடுவாரு. அம்புட்டுதான் டிசைனு. நம்ம பக்கம் வாஸ்து பாக்க வர்றவன் ஒரு எலுமிச்சம்பழத்த உருட்டிட்டு அதவிட ஜாஸ்தி வாங்கிக்கினு போறான்.

அவரு போனதுக்கப்புறம் புதரு வெட்டினது யாரு, கல்லு பொறுக்கினது யாருன்னு உன் ஃபோன்ல இருக்கா? தேடிப் பாரு. இருக்காது. அந்தந்த ஊர்க்காரன் ஒரு பத்துப் பேரு அருவாளும் கடப்பாரையுமா எறங்கியிருப்பான். ஆனா இன்னிக்குப் போர்டுல ‘டாம் மாரிஸ் அமைத்தது’ன்னு எழுதி வச்சிருப்பாங்க.

அவருக்கும் மின்னாடி ஒரு டிசைனர் இருந்தாரு தெரியுமா? ஆடு. சிரிக்காத. கடலோரத்து மணல்மேடு, குளிரு காத்து. காத்துக்கு ஒதுங்கி ஆடு படுத்துப் படுத்து பள்ளம் வுழுந்துடும். காத்து அந்தப் பள்ளத்த இன்னும் கொஞ்சம் தோண்டும். அந்தப் பள்ளத்துக்குத்தான் பங்கர்னு பேரு வச்சி, பொக்லைன் வாடகைக்குப் புடிச்சி, இன்னிக்கி வெட்டறாங்க. புல்ல ஒட்ட மேய்ஞ்சி வச்சது முயலு. செயின்ட் ஆண்ட்ரூஸ்ல ஆர்ச்பிஷப்பு முயல் வளத்துக்கலாம், ஊர் சனம் அங்கயே பந்தாடிக்கலாம்னு 1552-லயே பத்திரம் இருக்குது. நம்ம விஏஓ பாஷைல சொன்னா அது மேய்க்கால் பொறம்போக்கு. ஒலகத்துக்கே தாய்மைதானம் ஒரு மேய்க்கால் பொறம்போக்குலதான்டா இருக்குது, இன்னிக்கும் ஊர்ப் பொதுவாத்தான் இருக்குது. நம்ம மேய்க்கால் எங்க போச்சின்னு என்னக் கேக்காத. சிப்காட் மேப்ப எடுத்துக்கினு அதுல தேடு.

நமக்கும் கடலோரம் இல்லாமலா போச்சி? மணல்மேடு இருக்குது, ராவணன் மீசைப் புல்லு இருக்குது, ஆடும் இருக்குது. என்ன, ராவணன் மீசைல பந்து வுழுந்தா எடுக்கப் போனவன் கால்ல ரத்தத்தோடதான் திரும்பணும். அதனால நம்மாளு அங்க கோல்ஃப் ஆடல, கருவாடு காய வச்சான்.

டாம் மாரிஸ்கிட்ட எனக்குப் புடிச்சது அந்தக் குச்சி இல்ல. ஊரு ஊரா போயி குச்சி நட்டாலும் அவருக்கு சொந்த உத்யோகம் புல்லு பாக்கறதுதான். செயின்ட் ஆண்ட்ரூஸ்ல வருசம் 50 பவுண்டு சம்பளத்துக்கு மைதானம் காத்தாரு. ஒரு தரம் தள்ளுவண்டி மணலு கைதவறிக் கவுந்துடுச்சாம். கவுந்த எடத்துல புல்லு செழிச்சி வந்துச்சாம். அத்தப் பாத்துட்டு அப்பலேர்ந்து மணல், மணல்னு கத்திக்கினே இருந்தாராம். கண்டுபிடிப்புன்னா அதுடா. கவுத்தவன் பேர வழக்கம்போல எவனும் எழுதி வைக்கல. இன்னொண்ணு, ஞாயித்துக்கெழம மைதானத்தப் பூட்டிடுவாரு. ஆடறவனுக்கு ஓய்வு வேணாமா இருக்கலாம், புல்லுக்கு வேணும்ங்கறது அவரு கணக்கு. இத மட்டும் இன்டர்வியூல சொல்லிடாத. ஒரகடத்துல மனுசனுக்கே மூணு ஷிஃப்டு. புல்லுக்கு லீவு கேட்டா உன்ன யூனியன்காரன்னு நெனச்சிடுவாங்க.

அப்பால வக்கீலு வந்தாரு. ஹாரி கோல்ட்டு. கேம்பிரிட்ஜ்ல படிச்சவரு, 1901-ல சன்னிங்டேல் கிளப்புக்கு செக்ரட்டரியா வந்தவரு, பந்தாடிப் பொழச்சவரு இல்ல. அவரு மேசையில காகிதத்த விரிச்சி வரைய ஆரம்பிச்சாரு. குச்சி போயி பென்சிலு வந்துச்சி, ஃபீஸும் ஏறிடுச்சி. அவரு பின்னால ஒரு டாக்டரு, அலிஸ்டர் மெக்கன்ஸி. தென்னாப்பிரிக்காவுல போயர் சண்டைக்குப் போனவரு. எதிராளிங்க மண்ணோட மண்ணா எப்படிப் பதுங்கறாங்கன்னு பாத்து வச்சிக்கினாரு. கையால போட்ட மேட்ட தானா வந்த மேடு மாதிரி காட்டற வித்தைய அங்கதான் கத்துக்கினாராம். வக்கீலு, டாக்டரு, டொனால்ட் ராஸ்னு தச்சுவேல கத்துக்கினு அமெரிக்கா போன ஒருத்தரு, இப்படித்தான்டா ஆரம்பத்து டிசைனருங்க. டிப்ளமா வாங்கின மொத ஆளு நீயாத்தான் இருப்ப. அந்த ராஸு பேருல சுமார் 400 மைதானம் இருக்குது. பல எடத்துக்கு அவரு போகவே இல்ல. மேப்ப வச்சிக்கினு வரைஞ்சி அனுப்பிடுவாரு, ஆளுங்க போயி வெட்டுவாங்க.

மெக்கன்ஸி கதைதான் வேடிக்கை. 1926-ல கப்பலேறி ஆஸ்திரேலியா போறாரு, மெல்போர்ன்ல ஒரு மைதானத்துக்கு வரைஞ்சி குடுக்கறாரு, ரெண்டு மூணு மாசத்துல திரும்பிடறாரு. அப்பால அந்தப் பக்கமே தலை வைக்கல. அங்க மிக் மார்கம்னு ஒரு மேஸ்திரி, குதிரை பூட்டின வாரியால மண்ண வாரி வாரி, பங்கரோட ஓரத்தக்கூட செதுக்கி எடுத்தாரு. அலெக்ஸ் ரஸ்ஸல்னு ஒருத்தர் மேல்பார்வை. 1931-ல தெறந்தாங்க. இன்னிக்கும் ஒலகத்துல ஒசந்த மைதானம்னு பத்து சொன்னா அதுல ராயல் மெல்போர்ன் ஒண்ணு. டாக்டரு அத்தக் கண்ணால பாக்கல. அமெரிக்காவுல அகஸ்டாவும் அவரு வரைஞ்சதுதான். 1934 மார்ச்சுல அங்க மொதப் போட்டி, ஜனவரியிலயே அவரு போய்ச் சேந்துட்டாரு. ஃபீஸு பாக்கி கேட்டு லெட்டர் எழுதி எழுதி ஓஞ்சி போயிதான் செத்தாராம். பில்லு பாஸாகாதது நம்ம பஞ்சாயத்து ரோடு கான்ட்ராக்டருக்கு மட்டும்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன்.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச ஆளு சேத் ரெய்னர். நீ அந்தப் பேர வேகமாத் தாண்டிப் போனே, கவனிச்சேன். அவரு சர்வேயரு. நியூயார்க் பக்கம் ஒரு சின்ன ஊர்ல சங்கிலி புடிச்சி நெலம் அளந்துக்கினு இருந்தாரு. சார்லஸ் மெக்டொனால்டுன்னு ஒரு பெரிய பணக்காரரு, பிரிட்டன்ல இருக்கற நல்ல நல்ல குழியெல்லாம் அமெரிக்காவுல ஒரே எடத்துல கொண்டாந்து வைக்கணும்னு கெளம்பினாரு. நம்ம ஊர்ல அறுபடை வீட்டையும் ஒரே கோயில்ல கட்டறாங்க பாரு, அந்த மாதிரி. அதுக்கு நெலம் அளக்கக் கூப்புட்ட ஆளுதான் ரெய்னர். அப்ப அவருக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது. எங்க மேடு, எங்க பள்ளம், தண்ணி எந்தப் பக்கம் ஓடும், எத்தினி வண்டி மண்ணு வேணும், இது மட்டும்தான் அவருக்குத் தெரியும். பணக்காரரு பாத்தாரு, இவன வுட்டா நம்ம கதி அதோகதின்னு கூடவே வச்சிக்கினாரு. பின்னால ரெய்னரே தனியா எத்தினியோ மைதானம் போட்டாரு. ஆடத் தெரியாதவன் கட்டினான், ஆடத் தெரிஞ்சவனுங்க இன்னிக்கும் அங்க போயி ஆடறானுங்க. சமைக்கறவளுக்கு ருசி தெரியணும், பசி இருக்கணும்னு கட்டாயமா?

பிலடெல்பியா பக்கம் மெரியன்னு ஒரு மைதானம், 1912-ல தெறந்தது. இன்சூரன்ஸ் பாத்துக்கினு இருந்த ஹியூ வில்சன்தான் பண்ணாருன்னு ஒரு கட்சி. இல்ல, மேல சொன்ன மெக்டொனால்டு வந்து ரோசனை சொன்னதுதான் டிசைன்னு ஒரு கட்சி. நூறு வருசம் தாண்டியும் படிச்சவனுங்க அடிச்சிக்கறானுங்க. மண்ணு வேலைய நின்னு பாத்த பிக்கரிங்க்ங்கற மேஸ்திரி பேரு மட்டும் அந்தச் சண்டைல ஓரமா, சாட்சி மாதிரி, எப்பவாவது வரும். நம்ம முருகன் கோயில்ல வஜ்ர தீர்த்தம் இருக்குதே, யாரு வெட்டினதுன்னு அய்யரக் கேளு. இந்திரன் வஜ்ராயுதத்தால ஒரே குத்துல வெட்டினாருன்னு சொல்லுவாரு. ஏழடி முருகன் கண்ணு மின்னால நிக்கறாரு, நான் எதுத்துப் பேசல. ஆனா எந்தக் கொளமா இருந்தாலும் மண்ணு சொமந்த பொம்பளைங்க கணக்குல வர்றதில்ல, தூரு வாரும்போது மட்டும் நூறுநாள் வேலைக்குக் கூப்புடறாங்க.

கமிட்டி கதையும் கேளு. அது வெள்ளைக்காரன் தந்திரம் மட்டும்னு நெனச்சிக்காத, நமக்கும் பழக்கம் உண்டு. ஒவ்வொரு கோல்ஃப் கிளப்புலயும் கிரீன் கமிட்டின்னு ஒண்ணு இருக்கும். மெம்பருங்க கூடி, அந்தப் பங்கர இப்படித் தள்ளு, இந்த மரத்த வெட்டுன்னு தீர்மானம் போடுவாங்க. எவனுக்குப் பந்து எந்தப் பள்ளத்துல அடிக்கடி வுழுதோ அந்தப் பள்ளத்த மூடச் சொல்லி அவனே கையெழுத்துப் போடுவான். நம்ம உத்திரமேரூர்க் கல்வெட்டுல தோட்ட வாரியம், ஏரி வாரியம்னு இருக்குது பாரு, பராந்தக சோழன் காலம், 919, 921. ரெண்டாவது கல்வெட்டுப்படி, வாரியத்துக்கு வர்றவனுக்கு முப்பத்தஞ்சி வயசுக்கு மேல, எழுவதுக்குள்ள இருக்கணும். சொந்த நெலம், சொந்த வூடு இருக்கணும். வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமில்ல, அவன் சொந்தக்காரனும் குடத்துல பேரு போட முடியாது. இந்த ஒரு சட்டத்த நான் வேல பாத்த கிளப்புல போட்டிருந்தா கமிட்டி மீட்டிங்குக்கு நாற்காலிதான் வந்திருக்கும். பேர கேக்காத, பென்சன் வாங்கறேன்.

சரி, நம்ம நாட்டுக் கதைக்கு வா. கல்கத்தா டம்டம்ல 1829-ல கோல்ஃப் கிளப்பு ஆரம்பிச்சாங்க. பிரிட்டன வுட்டு வெளிய அதுக்கு மின்னால ஆரம்பிச்ச கிளப்பு இன்னிக்கு இல்ல. பெங்களூர்ல 1876. கொடைக்கானல்ல 1895. மெட்ராஸ்ல ஜிம்கானாக்காரங்க கிண்டி ரேஸ் மைதானத்துக்கு உள்ளயே ஆடினாங்க. குதிரை சுத்தி ஓடும், நடுவுல பந்து பறக்கும். வெள்ளைக்காரன் கிளப்புல நம்மாளுக்கு எடமில்லன்னு 1873-ல ஆரம்பிச்ச காஸ்மாபாலிட்டன் கிளப்புக்கு நந்தனத்துல மைதானம். பின்னால ஆஸ்திரேலியாலேர்ந்து பீட்டர் தாம்சன்னு ஓப்பன அஞ்சு தரம் ஜெயிச்சவரு வந்து டெல்லி, பெங்களூருன்னு மைதானத்துக்கு வரைஞ்சி குடுத்தாரு. அதெல்லாம் உன் ஃபோன்லயே இருக்கும்.

ஃபோன்ல இல்லாதது பிரவுனு. கிரீனு தெரியும், பிரவுனு தெரியுமா உனக்கு? தண்ணி இல்லாத வெயில் ஊர்ல குழியச் சுத்தி புல்ல வளத்து ஒட்ட வெட்டி வைக்க முடியுமா? அதனால நான் சேந்த புதுசுல கிரீனே கெடையாது. மணல சலிச்சி, கழிவு எண்ணெய் கலந்து, வட்டமாக் கொட்டி, தட்டித் தட்டி மட்டம் பண்ணுவோம். நெறம் கருப்பட்டி மாதிரி இருக்கும். ஒரு தொரை பந்த தள்ளிட்டுப் போனா செருப்புத் தடம் வுழுந்துடும். அடுத்த தொரை வர்றதுக்குள்ள சாக்கு சுத்தின கட்டைய இழுத்து அழிக்கணும். வூட்டுக்கு வந்தா ஒங்க பாட்டி என் வேட்டிய கோல வெச்சித் தூக்குவா, மெக்கானிக்கு ஷெட்டுல வேல பாக்கறேன்னு ஊர்ல சொல்லி வச்சிருந்தா. மாப்ள பந்து பொறுக்கறான்னு சொல்றதவிட அது கௌரவமாம்.

பின்னால புல்லு வந்துச்சி. பெர்முடா, பெர்முடான்னாங்க. லாரியில வந்து எறங்கினதப் பாத்தா, அடப்பாவிங்களா, அருகம்புல்லு! ஒலகம் பூரா சூடான ஊர்ல பெரும்பாலும் கோல்ஃப் ஆடறது பிள்ளையாரு தலைமேலதான். அமெரிக்காவுல ஜார்ஜியா, டிஃப்டன்ங்கற ஊர்ல கிளென் பர்ட்டன்னு ஒருத்தர் நம்ம அருகம்புல்லயும் ஆப்பிரிக்காவுல இருக்கற அதோட பங்காளியையும் கலந்து கலப்பு ரகம் எடுத்தாரு. 1956-ல டிஃப்கிரீன், 1960-ல டிஃப்வே. வெல்வெட்டு மாதிரி படரும். ஆனா மலடு, வெதை வைக்காது. தண்டத் துண்டு துண்டா நறுக்கி, நாத்து மாதிரி நடணும். இப்ப ரோசன பண்ணிப் பாரு. எந்த அமெரிக்காக்காரன் வரைஞ்சாலும், எந்த ஆஸ்திரேலியாக்காரன் வரைஞ்சாலும், கடைசில குனிஞ்சி நடவு நடத் தெரிஞ்ச பொம்பளைங்க இருவது பேரு வேணும். எங்க மைதானத்துல மொதக் கிரீன நட்டது செங்கல்பட்டுப் பக்கத்துலேர்ந்து ரயில்ல வந்த நடவுக்காரங்க. நேர்கோடு புடிச்சி வயல்ல நட்டு நட்டுப் பழகின கை. வெரலு அளவு வித்தியாசம் வராது. உன் மைதானத்துக்கு எங்க போயித் தேடுவே? அவங்க பேத்திங்கெல்லாம் காலைல ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸுல ஏறிப் போயி செல்ஃபோன் பூட்டிக்கினு இருக்குதுங்க.

மணலுக்கு என்ன பண்ணுவே? அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல கிரீனுக்கு ஒரு கணக்குப் போட்டுக் குடுத்துச்சி. அடியில 4 அங்குலம் ஜல்லி, அதுக்கு மேல ஒரு அடி மணல் கலவை. இதுல ஒரு சூச்சுமம் இருக்குது. மணலு நெறைஞ்சி தளும்பற வரைக்கும் தண்ணி ஜல்லிக்கு எறங்காது, பிடிச்சி வச்சிக்கும். நெறைஞ்சிச்சோ, கடகடன்னு வடிஞ்சிடும். அந்த செக்ரட்டரி இத எனக்குப் படம் போட்டு அரை மணி நேரம் வெளக்கினாரு. ‘அய்யா, இது எங்க ஏரிக் கலங்கலுங்க’ன்னேன். நெறையற வரைக்கும் நிக்கும், நெறைஞ்சா வழியும். அவரு கிளாஸ கீழ வச்சிட்டு என்ன ஒரு மாதிரி பாத்தாரு. அன்னிக்குத்தான் மொத மொறையா என்ன ஒக்காரச் சொன்னாரு.

அந்த மணலுதான் எங்கன்னு கேக்கறேன். பாலாத்துல இருந்தத வூடு கட்டி, ரோடு போட்டு, கம்பெனி கட்டித் தீத்தாச்சி. எம்-சாண்ட கொட்டி அதுமேல அருகம்புல்லு நட்டா என்ன வரும்னு இன்டர்வியூல அவங்களையே கேளு. பதில் சொல்லிட்டா அங்க சேராத, அவங்களுக்கு எல்லாம் தெரியும், உனக்கு வேல இருக்காது. முழிச்சா சேந்துக்க.

எல்லாத்துக்கும் மேல நெலம். அந்த வில்லாக்காரன் வளைச்சிருக்கற எடம் எனக்குத் தெரியும், ஏரிக்குக் கீழ இருந்த நஞ்சை. கடப்பாரைய ஒரு மொழம் எறக்கினா களி. நஞ்சைக்காரன் தண்ணிய நிக்க வைக்கறதுக்காக ஐநூறு வருசம் சேடை ஓட்டி அடிமண்ண இறுக்கி வச்சிருக்கான். நீ அதுல தண்ணி நிக்கக் கூடாதுன்னு மைதானம் போடப் போற. கம்ப்யூட்டர்ல மேடு பள்ளம் அழகா வரும், பச்சைக் கலரு அடிச்சிக்கலாம். ஐப்பசி மழை உன் கலர கேக்காது. வாய்க்கா எங்க ஓடிச்சி, மதகு எங்க இருந்துச்சின்னு கேட்டுக்கினு பென்சில எடு. அந்த வாய்க்கால மூடிட்டா உன் பதினெட்டு குழியும் ஒரே குழியா ஆயிடும். கம்பெனி வேலைக்கு வந்த கொரியாக்காரரும் ஜப்பான்காரரும் பையத் தூக்கிக்கினு ஞாயித்துக்கெழம வந்து, தூண்டில் வாடகைக்குக் கெடைக்குமான்னு கேப்பாங்க.

அதனால ரெண்டு வழி சொல்றேன், உனக்கு எது தோதுன்னு பாத்துக்க. பேரு வேணும்னா டாம் மாரிஸ் மாதிரி ஒரு நாள் வா, குச்சி நடு, மழை வர்றதுக்குள்ள பஸ்ஸ புடி. போர்டுல பேரு வந்துடும், என்ன தப்பு நடந்தாலும் வெட்டினவன் மேல சொல்லிக்கலாம். இல்ல, ஒரு மழைக்காலம் முழுக்க கொடைய புடிச்சிக்கினு அந்த நெலத்துல நில்லு. சளி புடிக்கும். பேரு வராது. ஒங்கம்மா என்னத்தான் திட்டுவா. நான் ரெண்டாவதச் சொல்லுவேன்னு நெனக்கிற. நான் ஏன் சொல்லப் போறேன்? எனக்கு டிசைனர் பேரன் வேணும், கல்யாணப் பத்திரிகைல போடறதுக்கு.

ஆங், அந்தத் தண்ணி. கேக்கவே மாட்டேங்கறியே, நானும் நீ கேப்பேன்னு பாத்துக்கினே இருக்கேன். போன சித்திரையில இந்த வாசலுக்கு சிமெண்டுத் தரை போடறப்போ, ‘தாத்தா, மேஸ்திரிக்கு ஒண்ணும் தெரியாது, நான் டிசைன் போட்டுத் தர்றேன்’னு லேப்டாப்ப மடியில வச்சிக்கினு ஒருத்தன் ஒக்காந்தான். டியூப் லெவல் புடிச்சி வாட்டம் பாத்துடலாம்ப்பான்னு மேஸ்திரி ரெண்டு தரம் சொன்னான். வேணாம், எல்லாம் கணக்குல இருக்குதுன்னான் நம்மாளு. கணக்கு சரியாத்தான் இருந்துச்சி. வாட்டம் மட்டும் தெருவப் பாக்காம வூட்டப் பாத்துக்கினு இருக்குது. ராத்திரி ஒரு பெரிய மழை வரும்னு டிவியில சொல்றான்.

சட்டைய கழட்டிட்டு வா. கொட்டாயில மம்மட்டியும் உளியும் இருக்குது, எடுத்துக்க. இந்த மூலையிலேர்ந்து தெரு வரைக்கும் ஒரு சாண் அகலத்துக்குக் கொத்தணும். நான் குச்சி நட்டுக் காட்டறேன்.